புது ஆட்டமும் தண்ணீர் முறையும்

கேம் சென்டர் நடத்துகிறவளுக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆடுகிறவர்கள் புலம்புவதைக் கேட்கக் காது இருந்தால் போதும். சலூன் வைத்திருப்பவர்களுக்கும், தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவர்களுக்கும், பாமசியில் நிற்பவர்களுக்கும் நான் சொல்வது விளங்கும். சனம் வாங்க வந்ததை வாங்கிக்கொண்டு, தங்கள் கவலையை நம் மேசையில் வைத்துவிட்டுப் போகும். இதை வாசிக்கிற நீங்களும் அப்படியொரு மேசைக்குப் பின்னால் இருப்பவராக இருந்தால், நாமெல்லாம் ஒரு கட்சி.

எங்கள் கடை ஆரையம்பதியில் பிரதான வீதியை ஒட்டி இருக்கிறது. முன்பக்கம் போட்டோக்கொப்பி, பாஸ்போட் படம், ஒன்லைன் விண்ணப்பம். உள்ளறையில் ஐந்து கொம்பியூட்டர்கள். அவற்றை ஆசைப்பட்டு வாங்கி, வயர் இணைத்துப் பூட்டியவர் என் கணவர் ரவி. பூட்டி முடித்துக் கொஞ்சக் காலத்தில் கட்டாருக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆசை அவருடையது, தூசி தட்டுகிற வேலை என்னுடையது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரம் அந்த அறை நிரம்பும். நான்கு பேர் வருவார்கள். ஐந்தாவது ஆள் ரவி. அங்கே வெள்ளி லீவு என்பதால் தன் அறையில் இருந்து பழைய லப்டொப்பில் சேர்ந்துகொள்வார். ஆட்டம் என்னவென்றால், ஒரு ஆறு, அதன் கரையில் ஐந்து இராச்சியங்கள், ஊரைக் கட்டி, படையைச் சேர்த்து, பக்கத்து ஊரைப் பிடிக்க வேண்டும். பல வருசமாக இதைத்தான் ஆடினார்கள். யார் வென்றார்கள் என்பது யாருக்கும் ஞாபகம் இருக்காது. யார் ஏமாற்றினார்கள் என்பது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

பிறகு அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்தது. பழையதை ‘ஒண்டு’ என்றும் புதியதை ‘ரெண்டு’ என்றும் சொல்லத் தொடங்கினார்கள். நல்ல காரியம்தான், யாவாரத்துக்கு நல்லது என்று நானும் சந்தோசப்பட்டேன். ரவியின் லப்டொப்பைப் பற்றி அப்போது நான் யோசிக்கவில்லை.

தலைப்பாகைக்காரர்

முதன்முதலில் ‘ரெண்டு’க்கு முன்னால் உட்கார்ந்தவர் தயா சேர். கணக்கு ரியூசன் கொடுக்கிறவர். எந்தப் பொருளை வாங்கினாலும் பெட்டியில் எழுதியிருப்பதை முதலில் இருந்து கடைசி வரை வாசிக்கிற ஆள். புது ஆட்டத்தில் திரையின் மூலையில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆலோசகர் வருகிறார். மன்னருக்குப் புத்தி சொல்வதுதான் அவர் வேலை. களஞ்சியம் குறைகிறது மன்னா, மதில் பழுதாகிறது மன்னா, வடக்கே புகை தெரிகிறது மன்னா என்று மூச்சு விடாமல் சொல்வார். தயா சேர் ஒவ்வொன்றையும் நிறுத்தி வாசித்து, தமிழில் மற்றவர்களுக்கும் சொல்லி, பிறகு அதில் என்ன பிழை என்றும் விளக்கினார்.

அன்று முழுப் பின்னேரமும் அவர் ஒரு மதில்கூடக் கட்டவில்லை. தலைப்பாகைக்காரரோடு வாதாடியே பொழுது போனது. போகும்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “நான் கேள்வி கேக்க முந்தியே மறுமொழி சொல்றான் தங்கச்சி. இத்தின வருசமா என்ட கிளாசில புள்ளையள் என்ன பாடு பட்டிரிக்கும் எண்டு இண்டைக்குத்தான் விளங்கிச்சு.”

லப்டொப் மாட்டேன் என்றது

அடுத்த வெள்ளி ரவியும் ‘ரெண்டு’க்குள் வர முயன்றார். லப்டொப் முதலில் யோசித்தது. பிறகு சூடானது. பிறகு திரை கறுத்துப்போய், எழுந்து வரவே இல்லை. மீண்டும் போட்டார், மீண்டும் கறுத்தது. வீடியோ கோலில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கலியாண வீட்டு வாசலில் பந்தி நிறைந்துவிட்டது என்று சொல்லப்பட்டவர் மாதிரி இருந்தது. இங்கே நான்கு பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், ஒன்றும் சரிவரவில்லை. புது லப்டொப் வாங்குகிற பேச்சை நான் எடுத்தேன், அவர் வேறு கதைக்குப் போய்விட்டார்.

உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது. அந்த வெள்ளிக்கிழமைச் சத்தம்தான் எங்கள் வீட்டுச் சத்தம். மற்ற நாட்களில் அவர் போன் எடுத்து, சாப்பிட்டியா என்பார். ஓம், நீங்கள் என்பேன். ஓம் என்பார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டிருப்போம். வெள்ளிக்கிழமை மட்டும்தான் அவர் பழைய ரவி. சத்தம் போடுவார், சிரிப்பார், ஜெசீலைக் கள்ளன் என்பார். நான் முன்மேசையில் போட்டோக்கொப்பி அடித்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது இல்லாமல் போகப்போகிறதே என்று எனக்கு உண்மையாகவே பயம் பிடித்தது.

பழைய ஆட்டத்தையே ஆடுங்களேன் என்று நால்வரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை, ஒருவரும் ஓம் என்றும் சொல்லவில்லை. எல்லாருடைய கண்ணும் புதுத் திரையிலேயே இருந்தது. ரவிதான் எனக்குச் சமாதானம் சொன்னார்: “அவங்க ஆடட்டும் சாந்தி. உன்ட போன ஒரு பக்கத்தில நிமிர்த்தி வை, எனக்குச் சத்தம் கேட்டாக் காணும்.”

ஒரே விலை

ஜெசீல் காத்தான்குடியில் புடவைக் கடை வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை கடை பூட்டு, தொழுகை முடித்துச் சாப்பிட்டு நேரே இங்கே வருவார். பழைய ஆட்டத்தில் சண்டைக்குப் போகாமலே ஊர் ஊராகச் சாமான் விற்றுப் பணக்காரர் ஆனவர். ஆகவே புது ஆட்டத்தில் யாவாரத்தை மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆசையோடுதான் வந்தார். வெளிநாட்டு யாவாரி கப்பலில் வருவான், அவனோடு விலை பேசலாம் என்று தயா சேர் வாசித்துச் சொன்னார். ஜெசீல் சேட் கையை மடித்துக்கொண்டு கதிரையை முன்னுக்கு இழுத்தார்.

கப்பல்காரன் ஒரு விலை சொன்னான். ஜெசீல் பாதி கேட்டார். கப்பல்காரன் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அவ்வளவுதான் விலை பேசுவது. ஜெசீலுக்கு நம்பிக்கை வரவில்லை. அவன் கொஞ்சத் தூரம் போய்விட்டுத் திரும்பி வருவான் என்று திரையைப் பார்த்தபடியே இருந்தார். அவர் கடையில் கோபித்துக்கொண்டு வாசல்படி இறங்கின எத்தனை பேரை அவர் திரும்பக் கூப்பிட்டிருப்பார். இங்கே கூப்பிடுவதற்கு ஒரு பொத்தானும் இல்லை. நான் பிளேன்ரீ கொண்டுபோய் வைத்தபோது அவர் என்னைப் பார்த்து மிகவும் கவலையாகச் சொன்னார்: “வந்தவன இரிங்க எண்டு சொல்லி ஒரு சோடா குடுக்கவும் வழியில்ல அக்கா. இத யாவாரம் எண்டு ஆரு இவனுகளுக்குச் சொன்ன?”

சனத்தின் முகம்

மிதுனா தபால் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளை. வேலை முடிந்து அதே சேலையோடு வந்து உட்காருவாள். பார்த்தால் பூனைக்குட்டி, ஆட்டத்தில் அவளைப் போல இரக்கமில்லாத ஆள் கிடையாது. பழைய ஆட்டத்தில் சனம் என்பது வெறும் எண்ணிக்கை. புது ஆட்டத்தில் ஒவ்வொரு தெருவிலும் ஆட்கள் நடக்கிறார்கள், அவர்களுக்கு முகம் இருக்கிறது, அந்த முகம் சுருங்குகிறது. வரி கூடினால் சுருங்கும். திருவிழா வைக்காவிட்டால் சுருங்கும். வைத்தால், போன முறையை விடச் சிறிதாக வைத்தாய் என்று சுருங்கும்.

மிதுனா முதலில் கோயில் கட்டினாள். பிறகு தேர் செய்தாள். பிறகு வாணவேடிக்கை. படைக்கு வைத்திருந்ததெல்லாம் வாணமாகப் போனது, அவளுடைய ஊர் எல்லையில் காவலுக்கு ஒரு ஆள்கூட இல்லை. சனம் மட்டும் அப்படியே வாசலில் கூடி நின்று முறைத்தது. அவள் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுச் சொன்னாள்: “காலையில இரிந்து கவுண்டரில நிண்டு திட்டு வாங்கிப்போட்டு வாறன் அக்கா. இஞ்ச வந்து காசும் குடுத்துத் திட்டு வாங்கோணுமா?”

சித்திரையில் விதைக்கச் சொன்னது

நான்காவது ஆள் குகன். மண்முனைப் பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்கிறவர். மோட்டார்சைக்கிள் சில்லில் சேறு காயாமல் வந்து இறங்குவார். புது ஆட்டத்தில் பருவகாலம் உண்டு, மழை உண்டு, விதைப்பு அறுவடை உண்டு என்றதும் மற்ற மூவரும் பயந்து போனார்கள். குகன் இதில் எங்களை எல்லாம் விழுங்கிவிடுவார் என்றார்கள். குகனும் இல்லை என்று சொல்லவில்லை.

தலைப்பாகைக்காரர் சித்திரையில் வந்து, விதைக்கிற காலம் மன்னா என்றார். குகன் சிரித்தார். அவர்கள் ஊர்க் குளத்துத் தண்ணீர் ஐப்பசியில் விதைக்கிற மாரிப் போகத்துக்கு மட்டும்தான் போதும். சித்திரையில் விதைத்தால் வெயிலுக்குத்தான் விதைப்பது. ஆகவே அவர் விதைக்கவில்லை. திரையில் மழை பெய்தது, மற்றவர்களின் வயல் பச்சையானது, குகன் கையைக் கட்டிக்கொண்டு ஐப்பசிக்குக் காத்திருந்தார். ஐப்பசி வந்தது. குகன் நாட்டிலுள்ள விதைநெல்லை எல்லாம் கொட்டி விதைத்தார். அதன்மேல் பனி கொட்டியது.

வெள்ளைவெளேர் என்று கிடந்த வயலை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய சனம் பட்டினி கிடந்து பக்கத்து நாட்டுக்கு நடக்கத் தொடங்கியது. மிதுனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குகனுக்குத் தோல்வி ஒரு பொருட்டே இல்லை, வேறு ஒன்றுதான் அவரை உறுத்தியது: “எனக்குப் பசளையும் விளங்கும், பூச்சியும் விளங்கும். ஐப்பசியில ஐஸ் விழுற ஊருக்கு நான் ஏன் ராசாவா வந்தன்?”

துருசு

இதுவரைக்கும் விளையாட்டு. அதற்கடுத்த வெள்ளி நடந்ததை விளையாட்டு என்று சொல்ல முடியாது. புது ஆட்டத்தில் ஆற்றை மறிக்கலாம். மேலே இருக்கிற நாடு அணை கட்டித் துருசைப் பூட்டினால், அதாவது தண்ணீர் போகிற கதவைப் பூட்டினால், கீழே இருக்கிற நாடுகள் காயும். இதுதான் ‘ரெண்டு’ செய்தவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற புதுமை. வாள் எடுக்காமலே போர் வெல்லலாமாம். தயா சேர் அதை வாசித்தார், விளங்கிக்கொண்டார், செய்தும் விட்டார். அவருடைய நாடு மேலே இருந்தது, குகனுடையது கீழே.

உள்ளறையில் கதிரை ஒன்று பின்னுக்கு இழுபடும் சத்தம் கேட்டது. நான் போட்டோக்கொப்பியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். குகன் எழுந்து நின்றார். ஊர் பிடிபட்டபோதும் பயிர் பனியில் போனபோதும் தோல்வியைப் பொருட்படுத்தாத மனுசன், முகம் கறுத்து நின்றார். ஜெசீலும் மிதுனாவும் தங்கள் திரையை விட்டுவிட்டுத் தயா சேரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் நிமிர்த்தி வைத்த போனுக்குள் இருந்து ரவி, என்ன நடந்தது, என்ன நடந்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார். தயா சேர் பாவம், புத்தகத்தில் உள்ளபடி செய்த மாணவன் அடி வாங்கினது போல முழித்தார். ஆட்டத்தில் இருக்கிறதுதானே என்றார்.

இந்தப் பக்கம் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காணிச் சண்டை பிடித்தவன் வீட்டுக் கலியாணத்துக்கும் போவார்கள், தண்ணீரைக் கள்ளமாக மறித்தவன் வீட்டுச் சாவுக்கும் போக யோசிப்பார்கள். குகன் சத்தம் போடவில்லை. கதிரையில் கைவைத்துக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்: “சேர், சண்டை எண்டா வாள எடுங்க, நானும் எடுக்கிறன். தண்ணியில கை வைக்காதீங்க.”

ஆரம்பக் கூட்டம்

அடுத்த வெள்ளி நால்வரும் வந்தார்கள், ஒருவரும் கொம்பியூட்டரைத் தொடவில்லை. விதைப்புக்கு முந்தி வயல்காரர் எல்லாரும் கூடி, எந்தத் திகதியில் தண்ணீர் திறப்பது, யாருக்கு எப்போது முறை என்று பேசித் தீர்க்கிற ஆரம்பக் கூட்டம் போல ஒன்றை என் உள்ளறையில் வைத்தார்கள். கூட்டத்தைக் கேட்டவர் குகன். தலைமை தாங்கியவர் தயா சேர். போன கிழமைப் பாவத்துக்குப் பரிகாரம் என்று நினைக்கிறேன். துருசை யாரும் தன்னிட்டத்துக்குப் பூட்டக்கூடாது, தண்ணீர் முறைப்படி போக வேண்டும் என்று தீர்மானம் ஆனது. வேறெங்கேயாவது இந்த ஆட்டத்தை ஆடுகிறவர்கள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். கத்தியைக் கையில் கொடுத்தால் அதால் வெங்காயம் வெட்டுகிற ஆட்கள் நாங்கள்.

ஆனால் முறையைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் வயல்கள் சேர்ந்த ஒரு பெரிய வெளி. அதற்கு ஒரு விதானை இருப்பார். தண்ணீர் விடுவதும் மறிப்பதும் அவர் சொல். அவர் யார் பக்கமும் சாயக்கூடாது. தயா சேரைப் போடலாம் என்றாள் மிதுனா, குகனுக்கு அது சரிவரவில்லை. குகனைப் போடலாம் என்றார் தயா சேர், ஜெசீல் சிரித்தார். ஜெசீல் தன்னைத்தானே சொல்லிப் பார்த்தார், மூவரும் ஒன்றாக வேண்டாம் என்றார்கள். எல்லாருக்கும் ஆற்றங்கரையில் ஒரு நாடு இருக்கிறது, எல்லாருக்கும் வயல் இருக்கிறது. என்னைப் பார்த்தார்கள். எனக்குப் போட்டோக்கொப்பி கிடக்கிறது என்று நான் நழுவினேன்.

ஜெசீல்தான் மேசையைப் பார்த்தார். அங்கே பிளேன்ரீக் கோப்பையில் சாய்த்து வைத்த போனுக்குள் ரவி, கன்னத்தில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெசீல் சொன்னார்: “காணி பூமி ஒண்டுமில்லாத ஆள் ஒராள்தான் இரிக்காரு. அவரு போனுக்குள்ள இரிக்காரு.”

விதானையின் உத்தியோகம்

ரவி விதானையானார். எனக்கு வந்த சந்தோசத்தை மறைக்க நான் முன்மேசைக்குப் போய்த் தேவையில்லாமல் கடதாசி அடுக்கினேன். அன்று முதல் போன் மேசையில் கிடக்கவில்லை. எல்லாத் திரையும் தெரிகிற மாதிரி நடுவில் ஒரு ஸ்டூலில் ஏறியது. விதானை ஐயா, தண்ணி என்று அறை முழுக்கக் கூப்பிடுவார்கள். அவர் ஒவ்வொரு வயலாகக் காட்டச் சொல்லுவார். போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும். பயிரைப் பார்த்துவிட்டு, இன்னும் தாங்கும் என்பார், அல்லது மிதுனாவுக்கு இப்ப திற என்பார். ஒருமுறை ஜெசீல் பயிரின் நல்ல பக்கத்தை மறைத்து வாடின பக்கத்தை மட்டும் காட்டினார். போனை இடப்பக்கம் திருப்பு என்றார் விதானை. ரவி முன்பு ஊரில் எப்படிக் கடை நடத்தினாரோ அப்படியே இருந்தார்.

தண்ணீர்ச் சண்டை ஓய்ந்ததால் மற்றச் சண்டையும் ஓய்ந்தது. வயல் விளைந்தது, சனத்தின் முகம் மலர்ந்தது, கப்பல்காரன்கூட வந்து போனான். தலைப்பாகைக்காரருக்குத்தான் தலை வெடித்தது. அயல்நாடு பலவீனமாக உள்ளது மன்னா, இதுவே தருணம் மன்னா என்று கெஞ்சினார். தயா சேர் அவரைப் பார்த்துச் சொன்னார்: “கொஞ்சம் பொறும் ஐயா, இஞ்ச வெள்ளாமை வெட்டு நடக்குது.”

ஐந்தாவது கதிரை

ஒரே ஒரு கரைச்சல். ஆட்டத்துக்கு ஐந்து நாடு வேண்டும், ஆட்கள் நால்வர். ஐந்தாவதைக் கொம்பியூட்டரே ஆடும். புதிதாக ஆட்டம் தொடங்கிய ஒரு வெள்ளி, அந்தக் கொம்பியூட்டர் நாடு ஆற்றின் தலைப்பில் போய் உட்கார்ந்துகொண்டது. முதல் வேலையாகத் துருசைப் பூட்டியது. விதானை திற என்றார். அதற்கு விதானையும் தெரியாது, ஆரம்பக் கூட்டமும் தெரியாது. நான்கு வயலும் காய்ந்து, நால்வரும் ஒன்றாகத் தோற்றார்கள்.

பிறகு நால்வரும் ஒன்றாக என்னைப் பார்த்தார்கள். நான் ஆடுகிறவள் அல்ல, எனக்கு எந்தப் பொத்தான் எதற்கென்று தெரியாது என்றேன். மிதுனா என் கையைப் பிடித்து இழுத்து ஐந்தாவது கதிரையில் இருத்தினாள்: “உங்களுக்கு ஒண்டும் தெரியத் தேவையில்ல அக்கா. சொல்லுக் கேட்டாச் சரி, அந்தக் கொம்பியூட்டர் கேக்குதில்ல.”

முறை

அப்படித்தான் நான் ராணியானேன். ஆட்டம் புதிதாகத் தொடங்கும்போது நாடுகள் இடம் மாறும்; அன்று தலைப்பு ஜெசீலுக்கு, எனக்கு ஆற்றின் கடைசி. நான் விதைத்த முதல் வயல் அது. பச்சை ஏறும்போது எனக்கே ஆச்சரியமான ஒரு பாசம் வந்தது. பிறகு மழை பிந்தியது, அது மஞ்சளாகத் தொடங்கியது. போனைப் பார்த்து, எனக்குக் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லுங்கள் என்றேன். குகனுக்குப் பிறகுதான் உன் முறை என்றார் விதானை. என் பயிர் கருகுகிறது என்றேன். எல்லாருடையதும்தான் கருகுகிறது என்றார். பெண்சாதிக்கு ஒரு துளி தரக்கூடாதா என்று பகிடியாகத்தான் கேட்டேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை. “விதானைக்கு வட்டையில சொந்தக்காரர் இல்ல” என்றார்.

எங்கிருந்து வந்ததோ தெரியாது, என் வாயில் வந்துவிட்டது. “ஓம், சொந்தக்காரர் இல்லத்தான். அதாலதானே போன முறை கொந்தறாத்த நீட்டிப்போட்டு மறுகா எனக்குச் சொன்னீங்க” என்றேன். கட்டார் வேலை ஒப்பந்தத்தை அவர் நீட்டிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. ரவி முகத்தை போனுக்குக் கிட்டக் கொண்டுவந்தார். “நீ பரவாயில்ல எண்டுதானே சொன்ன” என்றார். “நீங்க சாப்பிட்டியா எண்டு கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்றன். அண்டைக்குச் சாப்பிட்டனா இல்லையா எண்டு உங்களுக்குத் தெரியுமா” என்றேன். இதை எல்லாம் பூட்டிய அறையில் சொல்லியிருக்க வேண்டும், எனக்குத் தெரியும். ஆனால் பூட்டிய அறையில் இருந்தபோதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒழுங்கான பிள்ளைகளாக ஓம், ஓம் என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தோம். வருசக்கணக்காகச் சேர்ந்தது அத்தனையும் அன்று நான்கு பேருக்கு முன்னால் கொட்டியது. அவரும் விடவில்லை. அங்கே தன் பாடு என்னவென்று இதுவரை சொல்லாததை எல்லாம் அவரும் சொன்னார். எனக்கு அழுகையும் வந்தது, உடம்பு லேசானது போலவும் இருந்தது.

தயா சேர் சுவரில் இருந்த கலண்டரை வாசித்தார். மிதுனா கண்ணைத் துடைத்தாள். குகன் வெளியே போவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்த நிலையில் நின்றார். ஜெசீல்தான் தொண்டையைச் செருமி, “அண்ணன், குடும்பத்தப் பாருங்க, வேணாம் எண்டு சொல்லல்ல. மிதுனாட வயலுக்குத் தண்ணி பாஞ்சு முடிஞ்சிது, மறிக்கிறதா விடுறதா எண்டு மட்டும் சொல்லுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரவிக்கும் வந்தது. சிரித்து முடித்துவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “இந்தக் கொந்தறாத்து முடிய வாறன் சாந்தி, இனி நீட்ட மாட்டன். ஆனா தண்ணி குகனுக்குப் பிறகுதான்.”

என் பயிர் அன்று கருகியே போனது, அதற்காக அந்த மனுசன்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான், தினமும் போன் எடுத்து அதை அவரிடமே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.